ஒரு சாண் தள்ளி

நாய் வளர்க்கப் போகிறவர்கள் முதலில் கழுத்துப்பட்டை வாங்குவார்கள். இல்லையென்றால் படுக்கப் போட ஒரு பழைய போர்வை தேடுவார்கள். ரசமட்டம் தண்ணீர்ச் சட்டி வாங்கினார். ஒன்று வாங்கியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். வேலை விட்டு வரும்போதெல்லாம் வண்டியின் கைப்பிடியில் ஒரு சட்டி தொங்கியது. அடுப்படி வாசலில் ஒன்று, கட்டிலோரம் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே ஒன்று, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒன்று. எல்லாவற்றிலும் தண்ணீர். நாய் வரவே இல்லை, அதற்குள் காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற ஆரம்பித்துவிட்டார்.

"என்னங்க, வரப்போறது நாயா, யானையா?" என்றாள் மனைவி.

"இருந்துட்டுப் போகட்டும்."

"எனக்கென்ன, இருந்துட்டுத்தான் போகட்டும். தைக்கிற துணிய இழுக்கையில தட்டிவிட்டு நாலு யூனிஃபார்ம் நனைஞ்சு போச்சு. பள்ளிக்கூடத்துல கேட்டா என்ன சொல்றது? எங்க வீட்டுக்கு இன்னும் வராத நாய் குடிக்கிற தண்ணி, அதான் கொட்டிருச்சுன்னு சொல்லவா?"

அவர் குனிந்து, அந்தச் சட்டியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தி வைத்தார்.

ரசமட்டம் என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். தரை போடுவது அவர் தொழில். டைல்ஸ், கிரானைட், எதைக் கொடுத்தாலும் போடுவார். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் ரசமட்டத்தை வைத்து, உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். இவர் நின்ற இடத்திலிருந்தே ஒரு கண்ணைச் சுருக்கி, "அந்த மூலை ஒரு நூல் தாழ்ந்திருக்கு" என்பார். வைத்துப் பார்த்தால் தாழ்ந்துதான் இருக்கும். அந்தப் பெயரில் அவருக்குப் பெருமை. கண்ணுக்குப் பெருமை வந்துவிட்டால் அப்புறம் அது தன்னை மட்டும்தான் நம்பும்.

நாய் வேண்டும் என்று கேட்டது மகள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாண வயது வந்த பிறகும் வீட்டில் பாப்பாதான். அவளும் அப்பாவும் சண்டை போட்டவர்கள் இல்லை. ஆனால் வருஷக்கணக்காக இருவருக்கும் நடுவே நடக்கும் பேச்சு, சாவி எங்கே, குடை எடுத்துக்கோங்க, டீ ஆறுது என்கிற அளவோடு நின்றுவிடும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒரு நாய் வளக்கலாமாப்பா?"

ரசமட்டத்தின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. தண்டனைக் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "வளக்கலாமே, தாராளமா வளக்கலாமே" என்றார். அன்றைக்குக் கை கழுவியவர் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போய் முதல் சட்டியை வாங்கி வந்தார்.

பாப்பா பேசி வைத்திருந்தது ஒரு நாய்க் காப்பகத்தில். தெருவில் அடிபட்டது, வீட்டுக்காரர்கள் கைவிட்டது என்று அங்கே வரும் நாய்களைத் தேற்றி, வேண்டுமென்று கேட்பவர்களுக்குக் கொடுப்பார்கள். கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் காப்பகத்து அம்மா வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியாக இருந்தால்தான் நாய்.

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. பரணில் இருந்த எலி மருந்து வெளியே போனது. தரையில் பாம்பு மாதிரி கிடந்த மின்சார ஒயர்களைச் சுவரில் ஏற்றி அடித்தார் ரசமட்டம். வாசல் கேட்டுக்கு அடியில் இருந்த இடைவெளியைக் கம்பிவலை வைத்து மூடினார். செருப்புகளுக்கு மேலே ஒரு பலகை வந்தது. மனைவி காந்தத்தைக் கயிற்றில் கட்டி வீடு முழுக்க இழுத்து, தரையில் சிந்திக் கிடந்த ஊசிகளைப் பொறுக்கினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து மட்டும் ஒரு கைப்பிடி ஊசி வந்தது. இத்தனை வருஷம் இதன் மேல்தான் தூங்கினோமா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

மிச்சம் இருந்தது பின்பக்கம்.

பின்பக்கம் வெறும் சிமெண்ட் தரை. ஊரெல்லாம் கண்ணாடி மாதிரி தரை போட்டுக் கொடுத்தவர் வீட்டில் விளக்குக்கு அடியில் இருட்டு. அந்தத் தரையின் நடுவில் முன்பு துணிக்கொடி கட்டும் இரும்புக் கம்பம் ஒன்று நின்றது. இப்போது இல்லை. தரையோடு தரையாக அறுத்து எடுத்ததில், துருப்பிடித்த ஒரு இரும்பு வட்டம் மட்டும் நாணயம் போலத் தெரியும். அதைச் சுற்றி இன்னொரு வட்டம், பெரிது. சங்கிலி இழுபட்டு இழுபட்டுச் சிமெண்ட் தேய்ந்து விழுந்த பள்ளம். மழை பெய்தால் தரையெல்லாம் காய்ந்த பிறகும் அதில் மட்டும் தண்ணீர் நிற்கும்.

செவலை போட்ட வட்டம் அது.

செவலை அந்த வீட்டில் முன்பு இருந்த நாய். குட்டியாக வந்து, கிழடாகும் வரை அந்தக் கம்பத்தில் கட்டிக் கிடந்தது. அந்தக் காலத்தில் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. நாய் என்றால் சங்கிலி, சங்கிலி என்றால் கம்பம். வேளைக்குச் சாப்பாடு போட்டார்கள், மழை வந்தால் தகரத்தை இழுத்து மறைத்தார்கள், பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதனோடுதான் உட்கார்ந்திருப்பாள். செவலைக்கு ஒரு கெட்ட பழக்கம். தண்ணீர்ச் சட்டியில் காலை விட்டுக் கவிழ்த்துவிடும். ஒரு கோடைகாலத்தில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். போய்விட்டு மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. சட்டியைக் கவிழ்த்துவிடுமே என்று யோசித்தார் ரசமட்டம். ஒரு கண்ணைச் சுருக்கி, சங்கிலி எட்டும் கடைசி இடத்தை அளந்தார். வாய் எட்டும், கால் எட்டாது என்கிற சரியான இடத்தில், வட்டத்தின் விளிம்பில் ஒரு பெரிய சட்டியை நிறைத்து வைத்தார். அளவு ஒரு நூல் பிசகவில்லை.

ஆனால் வெயில் நகர, நிழலும் நகர்ந்தது. கம்பத்தின் மெல்லிய நிழலைத் தேடி செவலையும் சுற்றிச் சுற்றி நகர்ந்தது. சங்கிலி கம்பத்தில் சுற்றிக்கொண்டது. சுற்றச் சுற்ற நீளம் குறையும் என்பது அளந்தவருக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது சட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. நாய்க்கும் சட்டிக்கும் நடுவில் ஒரு சாண்.

பக்கத்து வீட்டு ரேடியோ அக்காவுக்குச் சத்தம் கேட்டிருக்கும். வழக்கம்போலக் குரைக்கிறது என்று நினைத்ததாகச் சொன்னாள். அப்படித்தான் எல்லோரும் நினைப்போம். ரசமட்டம் அன்றைக்கே கம்பத்தை அறுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் செவலை என்ற பெயரை யாரும் எடுக்கவில்லை.

இப்போது ரசமட்டம் அந்த வட்டத்தின் மேல் மணலையும் சிமெண்டையும் குழைத்துக் கொட்டினார். வேலை செய்த வீடுகளில் மிச்சமாகி, மாடிப்படிக்குக் கீழே கிடந்த டைல்ஸில் நல்லதாகப் பொறுக்கி எடுத்திருந்தார். மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்க."

"நாய்க்குக் கால் வழுக்காத டைல்ஸா போடுறேன். இதுல மறைக்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லன்னா சரிதான்."

வாட்டம் பார்த்துப் போட்டார். எங்கே தண்ணீர் கொட்டினாலும் மூலைக் குழிக்கு ஓடிவிடும். ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, சந்துகளில் வெள்ளை சிமெண்ட் நிரப்பி, ஈரத்துணியால் துடைத்து எழுந்தபோது அவருக்கே பிடித்துப் போனது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த பாப்பா, செருப்பைப் பலகையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காப்பகத்து அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாய் விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பேசுவதுதான் அதிகம். கேட்டை ஆட்டிப் பார்த்தார். கம்பிவலையைக் காலால் உதைத்துப் பார்த்தார். மாடிக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே தன் கையை நுழைத்துப் பார்த்தார்.

"இது என்ன, எங்க பாத்தாலும் சட்டி?"

"வெயில் காலமில்லைங்களா" என்றார் ரசமட்டம்.

"நல்லதுதான். தண்ணி விஷயத்துல இவ்வளவு யோசிக்கிறவங்கள நான் பாத்ததில்ல."

ரசமட்டத்துக்குக் காது மடல் சுட்டது. பாராட்டு என்று வந்த சொல் எங்கெங்கோ போய்க் குத்தியது. பின்பக்கத் தரையைப் பார்த்து, புதுசா, நல்ல வேலை என்றார் அந்த அம்மா. பிறகு கூடத்தில் வந்து உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டே, ஊர்ப் பேச்சு பேசுகிற மாதிரி கேட்டார்.

"முன்னாடி நாய் வளத்திருக்கீங்களா?"

"இல்லைங்க" என்றார் ரசமட்டம். "இதான் முதல் நாய்."

சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனைவி தையல் மிஷினில் இருந்த துணியின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். அதில் நீவ ஒன்றும் இல்லை.

"உனக்கும்மா? நாய் பழக்கம் ஒண்ணும் இல்லையா?"

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். அவர் டீ கிளாஸைப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றாள்.

"பரவால்ல, பழகிக்கலாம். வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வரேன்" என்று எழுந்தார் அந்த அம்மா.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டும் வரை மூவரும் வாசலில் நின்றார்கள். நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஏதோ திருடிக்கொண்டு வந்து பங்கு பிரிக்க உட்கார்ந்தவர்கள் மாதிரி சாப்பிட உட்கார்ந்தார்கள். மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"வாயில்லா ஜீவன். நம்ம கதவக் காத்துக்கிட்டுக் கிடந்துச்சு. அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லக்கூட இந்த வீட்டுல மூணு பேருக்கும் நாக்கு வரல."

"சொன்னா நாய் தர மாட்டாங்க" என்றார் ரசமட்டம்.

"தர மாட்டாங்கதான். அதுக்காக?"

"உனக்கு என்ன தெரியும்? பாப்பா வாயத் திறந்து ஒண்ணு கேட்டிருக்கா. இத்தன வருஷத்துல அவ கேட்டது இது ஒண்ணுதான்."

பாப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படி வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"இல்லைன்னு நானும்தான சொன்னேன். அவ்வளவு லேசா வந்துருச்சுப்பா அந்த வார்த்த."

அப்பாவைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை. வாங்கிய அடியைத் தடவிக்கொண்டாவது இருந்திருப்பார். பொய்யை அவர் மட்டும் சொல்லவில்லை, பெற்ற பெண்ணையும் சொல்ல வைத்தார். அந்த வெட்கத்தில் பாதிச் சாப்பாட்டோடு கை கழுவ எழுந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தெருவையே எழுப்பிவிட்டது அந்த வீட்டுச் சத்தம். சுவருக்கு மேலே ரேடியோ அக்காவின் தலை தெரிந்தது. விடிந்ததிலிருந்து படுக்கிற வரை ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும் வீடு அவளுடையது.

"அண்ணே, என்னண்ணே இது? இப்பத்தான் ஒட்டுன டைல்ஸ அதுக்குள்ள உடைக்கிறீங்க? புத்தி கித்தி பெரண்டுபோச்சா?"

"வேலை சரியா வரலம்மா."

"உங்களுக்கே வரலையா! அதுசரி, பாட்டு ஒண்ணும் கேக்கல, கொஞ்சம் மெதுவா உடைங்க."

டைல்ஸை உடைப்பது பெரிய வேலை இல்லை. அடியில் இருந்த சிமெண்டைப் பழைய தரைக்குச் சேதமில்லாமல் பெயர்ப்பதுதான் பாடு. அதிலும் அந்த வட்டப் பள்ளத்துக்குள் போய் இறுகியிருந்ததை, சின்ன உளியை வைத்துப் பல் குத்துவது போலக் குத்திக் குத்தி எடுத்தார். வருஷக்கணக்கில் ஒரு சங்கிலி தேய்த்துப் போட்ட பள்ளத்தை, முட்டி போட்டு, வட்டத்தோடு வட்டமாக நகர்ந்து, தன் கையால் திரும்பத் தோண்டினார். ஒரு சுற்று முழுக்க வந்தபோது முட்டி தோல் கிழிந்திருந்தது. இவ்வளவு பெரிய வட்டமா என்று தோன்றியது முதலில். பிறகு, இவ்வளவு சின்ன வட்டமா என்று தோன்றியது. அப்படியே உட்கார்ந்து அழுதார். மனைவி வந்து பார்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்து உடைசலைக் கூட்ட ஆரம்பித்தாள்.

காப்பகத்து அம்மா நாயோடு வந்தார். கறுப்பு நாய். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி இருந்தது. அவர் காலோடு ஒட்டி நின்று, எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்த்தது. பாப்பா வேலைக்கு லீவு போட்டிருந்தாள். தொடவில்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"பின்னாடி வாங்க, ஒண்ணு காட்டணும்" என்றார் ரசமட்டம்.

அந்த அம்மா பின்பக்கம் வந்தார். புதுத் தரை இல்லை. கீறலும் கொத்தலுமாக ஒரு பழைய தரை, நடுவில் ஒரு வட்டம்.

"என்னங்க இது, அன்னைக்கு..."

"நாங்க நாய் வளத்திருக்கோம்ங்க. செவலைன்னு பேரு." குனிந்து வட்டத்தின் நடுவில் இருந்த இரும்பைத் தொட்டார். "இதுலதான் கட்டிப் போட்டிருந்தோம்." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணத்தைச் சொன்னார், வெயிலைச் சொன்னார். சட்டி இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அது செத்துக் கிடந்த இடத்தையும் காட்டினார். நடுவில் இருந்த தூரத்தைத் தன் கையை விரித்து வைத்தே காட்டினார்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"பொய் சொல்ல வெக்கமா இல்லையா?"

"அது அப்புறம் வந்துச்சுங்க."

அந்த அம்மா நாயின் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டார். கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது பாப்பா எழுந்து வந்தாள்.

"அப்பா அளந்து வெச்சது சரிதாங்க. அவரு மேல தப்பு இல்ல."

"நீ சும்மா இரும்மா" என்றார் ரசமட்டம்.

"இல்லப்பா, நான் சொல்றேன். சங்கிலி தினமும் சுத்திக்கும். நான்தான் ஸ்கூலுக்குப் போறப்பவும் வர்றப்பவும் எதிர்ச்சுத்தா கூட்டிட்டுப் போய் எடுத்து விடுவேன். அது எனக்கும் அதுக்கும் ஒரு வெளையாட்டு மாதிரி. உங்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும், சுத்திக்கும்னு. அன்னைக்குப் புதுத் துணி போட்டுக்கிட்டு, போட்டோ எடுப்பாங்க, வளையல் சேரல, அது இதுன்னு... ஒரு வார்த்த சொல்லணும்னு தோணவே இல்லப்பா." அவள் அழவில்லை. அழுது முடித்தவர்கள் பேசுகிற மாதிரி பேசினாள். "நீங்க என் முகத்த பாக்காம இருந்தீங்களா, உங்களுக்கு அது தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்."

ரசமட்டம் மகளைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அவள் மனதுக்குள் தன்னைக் குற்றம் சொல்லித்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்து, அதற்குப் பயந்து அவளைப் பார்க்காமல் இருந்தவர். மட்டம் பார்ப்பதில் பெயர் வாங்கிய கண்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். "எனக்கு ஒரு எழவும் தெரியாது."

அந்த அம்மா கையில் சுற்றியிருந்த கயிற்றைத் தளர்த்தினார். நாய் உட்கார்ந்துவிட்டது.

"நான் போற வீட்டுல பாதிப் பேரு இதான் முதல் நாய்னுதான் சொல்றாங்க" என்றார் கடைசியில். "ஒரு தடவையாச்சும் நாய் வளக்காம இத்தன பேரா இருப்பாங்கன்னு நான் கேக்குறது இல்ல. சரி, ஒண்ணே ஒண்ணு. நீங்க மூணு பேரும் வெளிய போற அன்னைக்கு இத யாரு பாத்துக்குவாங்க? ஒரு ஆளக் காட்டுங்க, விட்டுட்டுப் போறேன். இல்லன்னா வேண்டாம்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் இருப்பதெல்லாம் தூரத்தில். அப்படி வாய்விட்டுக் கேட்கிற அளவுக்கு யாரோடும் பழகியதில்லை. அப்போதுதான், பக்கத்து வீட்டில் ரேடியோ பாடவில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ரேடியோ அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். எப்போதும் வாய் ஓயாதவள், இப்போது தரையில் இருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்ண்ணே."

"சத்தம் கேட்டா வந்து பாப்பீங்களா?" என்று கேட்டார் காப்பகத்து அம்மா. அவருக்கு ஒன்றும் தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டார்.

ரேடியோ அக்காவின் முகம் சுருங்கிப் போனது.

"வருவேங்க. இனிமே வருவேன்."

கயிற்றின் கொக்கியைக் கழற்றிவிட்டார் அந்த அம்மா. நாய் நகரவே இல்லை. பிறகு மெல்ல எழுந்து சுவரோரமாக மோந்துகொண்டே போனது. வீடு முழுக்க நிறைத்து வைத்த சட்டிகளில் ஒன்றையும் சீண்டவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய், மனைவி துணி அலச வைத்திருந்த வாளியில் தலையை விட்டு, சளக் சளக்கென்று குடித்தது.

"இதுக்குத்தான் இத்தன சட்டி!" என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் அடைத்தது.

ரசமட்டம் சிரிக்கவில்லை. கதவோரம் இருந்த சட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். தண்ணீர் தளும்பிச் சட்டையில் கொட்டியது. வட்டத்தின் விளிம்பு வரைக்கும் வந்தவர் அங்கே நின்றார். கட்டிப்போட இனிக் கம்பமும் இல்லை, சங்கிலியும் இல்லை, எங்கே வைத்தாலும் ஒன்றுதான். பழக்கத்தில் ஒரு கண் சுருங்கியது. அதை அப்படியே இறுக மூடிக்கொண்டார், மற்றதையும் மூடிக்கொண்டார். பாப்பா வந்து சட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். கம்பம் இருந்த இடத்தில், அந்தத் துருப்பிடித்த இரும்பின் மேல், நட்ட நடுவில் இருவரும் அதை இறக்கி வைத்தார்கள்.

"இங்கயே இருக்கட்டும்பா" என்றாள் பாப்பா. "இங்கன்னா எத்தன சுத்து சுத்துனாலும் எட்டும்."